பெரிய வீடு குரூப்: பாப்பாவுக்கு எந்தப் படிப்பு?

அப்பா: எல்லோருக்கும் வணக்கம். பாப்பா ப்ளஸ் டூ ரிசல்ட். கணக்கு 84, இயற்பியல் 90, வேதியியல் 94, உயிரியல் 98. அடுத்து என்ன சேர்க்கலாம்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

பெரியப்பா: வாழ்த்துகள்டா தங்கம்! கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினியரிங்கில் கம்ப்யூட்டர் போடு.

திருச்சி அத்தை: 98ஐ வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரா? நீட் இன்னொரு தடவை எழுதட்டும் அண்ணா.

நான்: அத்தை, இன்னொரு வருஷம் வீட்டில் உட்கார மாட்டேன் 🙏

கோவை அண்ணன்: முதலில் கட்-ஆஃப், அதாவது சேர்க்கைக்குப் பார்க்கிற 200க்கான மார்க், போட்டுப் பாருங்கள். இன்ஜினியரிங்குக்குக் கணக்கு முழுசா 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 84 + 45 + 47 = 176.

கோவை அண்ணன்: கால்நடை மருத்துவத்துக்குக் கணக்கு இருந்த இடத்தில் உயிரியல் வரும். 98 + 45 + 47 = 190. மார்க் ஷீட் ஒன்றுதான், 14 மார்க் வித்தியாசம்.

சித்தி: மாட்டு டாக்டரா!! 😳

பெரியப்பா: பெண் பிள்ளைக்கு அந்த வேலை எதற்கு? சேறும் சாணியுமாக.

நான்: பெரியப்பா, போன தை மாசம் நம் லட்சுமி கன்று போட முடியாமல் கத்தியபோது, ராத்திரி தோள் வரை கையை விட்டுக் கன்றைத் திருப்பி இழுத்தது யார்? டாக்டர் அம்மாதானே? நீங்கள்தான் டார்ச் பிடித்தீர்கள்.

சித்தி: 😂😂

பெரியப்பா: சரி சரி. அதற்கும் நீட் கேட்பார்களே?

கோவை அண்ணன்: அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட். மற்றவை ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருஷம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலை, தேனி என்று ஏழு ஊர்களில் கல்லூரி இருக்கிறது. ஆனால் 190க்குக் கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே போட்டி கடுமை.

அம்மா: அப்போது கிடைக்காவிட்டால்?

கோவை அண்ணன்: அதனால்தான் சொல்கிறேன் சித்தி, ஒன்றை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. இன்ஜினியரிங், கால்நடை, வேளாண்மை மூன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கடைசித் தேதி. நர்சிங், பி.பார்ம் எல்லாம் மருத்துவக் கல்வி பக்கம், அதற்கும் வேறு விண்ணப்பம். ஒன்றில் போட்டதை வைத்து இன்னொன்றில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கால்நடைப் பல்கலைக்கழகத்திலேயே உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் என்று பி.டெக். இருக்கிறது. அதற்குக் கணக்கு வேண்டும், இவளிடம் இருக்கிறது. அதையும் விடாதீர்கள்.

திருச்சி அத்தை: அரசுப் பள்ளிதானே படித்தாள்? 7.5 சதவீத ஒதுக்கீடு வருமே!

அப்பா: ஆறும் ஏழும் சிஸ்டர்ஸ் ஸ்கூலில் படித்தாள். அது உதவி பெறும் பள்ளி.

கோவை அண்ணன்: அப்படியானால் வராது அத்தை. ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். கல்லூரி போகும் பெண்களுக்கு அரசு தரும் புதுமைப்பெண் திட்ட உதவி மாதம் 1,000 ரூபாயை 2024ல் உதவி பெறும் பள்ளித் தமிழ் மீடியப் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதைக் கல்லூரி சேர்ந்ததும் கேட்டுப் பார்க்கலாம்.

கோவை அண்ணன்: சித்தப்பா, முதல் பட்டதாரிச் சான்று வாங்கிவிட்டீர்களா? இன்ஜினியரிங்கில் கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும்.

பெரியப்பா: நான் பி.காம். முடித்தவன் ஐயா! குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான் 😎

கோவை அண்ணன்: 😂 பெரியப்பா கணக்கில் வர மாட்டார். அவளுடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் மட்டும்தான்.

பெரியப்பா: இத்தனை வருஷப் பெருமையும் போச்சு.

நான்: அண்ணா, 176க்கு நல்ல கல்லூரி கிடைக்குமா?

கோவை அண்ணன்: கம்யூனிட்டி, பிரிவு எல்லாம் பொறுத்தது. கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று பெயர் தெரியாத கல்லூரிக்குப் போவதைவிட, நல்ல அரசுக் கல்லூரியில் சிவிலோ மெக்கானிக்கலோ எடுப்பது மேல் என்பேன். கவுன்சிலிங்கில் கல்லூரியும் பிரிவும் தேர்ந்து வரிசையாகக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங்கில் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆனால் வரிசை முக்கியம். "எப்படியும் கிடைக்காது" என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளாதே. மேலே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கல்லூரி கோடு எண்ணைப் பார்த்துப் போடு, ஒரே மாதிரிப் பெயரில் நிறைய இருக்கிறது.

சித்தி: என் தோழி பையனுக்கு ஒரே கட்-ஆஃபில் நாலைந்து பேர் நின்றார்களாம். அப்போது குலுக்கலா?

கோவை அண்ணன்: முதலில் கணக்கு மார்க் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். இப்படியே போய்ப் பிறந்த தேதி வரை வரும். அதுவும் சமம் என்றால்தான் ரேண்டம் எண்.

திருச்சி அத்தை: நீட் பற்றி நான் சொன்னதை யாருமே கண்டுகொள்ளவில்லை.

நான்: அத்தை 😭

அம்மா: அவளுக்கு மாடு கன்று என்றால் உயிர். முதலில் கால்நடைக்குப் போடட்டும். இன்ஜினியரிங் விண்ணப்பமும் போகட்டும்.

அப்பா: நாளைக் காலை இ-சேவைக்குப் போகிறேன். என்னென்ன எடுக்க வேண்டும்?

கோவை அண்ணன்: ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்று, டி.சி., பத்தாவது மார்க் ஷீட். ஓ.டி.பி. பாப்பா போனுக்கு வருகிற மாதிரி கொடுங்கள், உங்கள் போனில் சார்ஜ் நிற்காது.