டர்போ இன்ஜின் ரீபில்ட்: ஹெட் போல்ட் போதுமா, ஸ்டட் போடணுமா?

கேள்வி:
1.8 லிட்டர், 4 சிலிண்டர் டர்போ பெட்ரோல். இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 10 ஹெட் போல்ட். பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறும்போது மட்டும் கூலன்ட் டேங்கில் குமிழி வந்தது, ஐடிலில் ஒன்றும் இல்லை. பிரித்துப் பார்த்தால் 2-ம், 3-ம் சிலிண்டருக்கு நடுவே ஹெட் கேஸ்கெட்டில் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே வரும் அடைப்பு) கரிக்கோடு. போர் (சிலிண்டர் உள்விட்டம்) இப்போது 81 மி.மீ., ஓவர்சைஸ் போரிங்குக்குப் போகப்போகிறது. பூஸ்டை 1 பாரிலிருந்து 1.5 பாருக்கு ஏற்றும் எண்ணம். ஹெட்டைப் பிடிக்க புது கம்பெனி போல்ட் போதுமா, ஸ்டட் (பிளாக்கில் திருகி, மேலே நட் போட்டு இறுக்கும் மரைக்கம்பி) வேண்டுமா? பழைய போல்ட்டைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில் 1:
பழையதைத் திரும்பப் போடாதீங்க சார். மேனுவலில் டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) எண்ணுக்குப் பின்னால் 90 டிகிரி திருப்பு, மறுபடி 90 டிகிரி என்று இருந்தால் அது பெரும்பாலும் ஒருமுறை மட்டும் போடும் போல்ட். பழைய நீளத்துக்குத் திரும்பாத அளவுக்கு இழுத்துத்தான் அதை இறுக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, புது போல்ட் பக்கத்தில் வைத்து நீளத்தையும், மரைப் பகுதியின் விட்டத்தை நாலைந்து இடத்திலும் காலிப்பரால் அளந்தால் சில சமயம் பிடிபடும்.

1 பாரிலேயே நிற்பதென்றால் புது கம்பெனி போல்ட் தாராளம். அந்த வகை போல்ட் மட்டமானதில்லை, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கம் தரும். 1.5 என்றால் ஸ்டட்தான். 81 மி.மீ. போரில் உச்ச அழுத்தம் 100 பார் வந்தாலே ஹெட்டை மேலே தள்ளும் விசை 5 டன்னுக்கு மேல். நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) வந்தால் அழுத்தம் அதையும் தாண்டிக் குத்தும். அதை எந்த ஸ்டட்டும் காப்பாற்றாது. எரிபொருள், இக்னிஷன் டைமிங் இரண்டையும் சரிபார்க்காமல் பூஸ்டை ஏற்ற வேண்டாம்.

பதில் 2:
போரிங்குக்கு முன்னாலேயே முடிவெடுங்கள், இது ரொம்ப முக்கியம். இறுக்கும்போது போரின் மேல்பகுதி லேசாக வடிவம் மாறும். ஸ்டட்டின் பிடி கம்பெனி போல்ட்டின் பிடியிலிருந்து வேறுபடும், அதனால் வடிவமும் வேறாகும். ஆகவே டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) மாட்டி, நீங்கள் போடப்போகும் அதே ஸ்டட், அதே டார்க், முடிந்தால் அதே வகை கேஸ்கெட்டோடு ஹோனிங் (போரின் சுவரைத் தேய்த்து முடிப்பது) செய்யச் சொல்லுங்கள். ஹோனிங் முடிந்தபின் ஸ்டட்டுக்கு மாறினால் பிஸ்டன் ரிங் சரியாக உட்காராது, ஆயில் குடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஸ்டட்தான். மேனுவல் டார்க்கையே வைக்கலாமா?

பதில் 1:
கூடாது. ரெஞ்சில் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய 10-ல் 9 பங்கு நட்டின் அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். மீதிதான் ஸ்டட்டை நீட்டி ஹெட்டைப் பிடிக்கிறது. கிரீஸ் மாறினால் பிடியும் மாறும். ஸ்டட்டோடு வரும் லூப் (மசகு), அதற்குத் தயாரிப்பாளர் தந்த எண், இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். இன்ஜின் ஆயிலுக்கான எண் வேறு.

பிளாக் மரையை டேப்பால் (புது மரை வெட்டும் கருவி) வெட்டாதீங்க, உலோகம் போய்விடும். மரை சுத்தம் செய்யும் சேஸர் போதும். பிறகு காற்றால் ஊதி, குழி உலர்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடிமூடிய குழியில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் ஸ்டட் இறங்கும்போது அது போக வழியின்றி பிளாக்கையே பிளக்கக்கூடும். குழி வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (கூலன்ட் ஓடும் வழி) திறந்தால் அந்த மரைக்கு மட்டும் சீலன்ட். ஸ்டட்டை ஆலன் கீயால் கையிறுக்கமாக விட்டால் போதும், டார்க் வைக்க வேண்டாம். நட்டின் மரைக்கும், வாஷரில் நட் உட்காரும் பக்கத்துக்கும் லூப். வாஷரின் அடிப்பக்கம் உலர்ந்தே இருக்கட்டும். நடுவிலிருந்து வெளியே, மூன்று சம படிகளாக இறுக்குங்கள்.

பதில் 2:
ஹெட், பிளாக் இரண்டின் பரப்பையும் நேர்க்கோல், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். நீளவாக்கில் 0.05 மி.மீ. தாண்டினால் மட்டப்படுத்துவதே நல்லது. பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் என்றால் பரப்பு மழமழவென்று இருக்க வேண்டும். சொரசொரப்பு மீந்தால் எந்த ஸ்டட்டும் கசிவை நிறுத்தாது.

சாலை வண்டிக்கு எல்19 ரக ஸ்டீல் ஸ்டட் வேண்டாம். வலிமை அதிகம்தான், ஆனால் கை வியர்வையும் ஈரமும் பட்டாலே வெடிப்பு விடக்கூடியது. 8740 அல்லது ஏஆர்பி2000 ரக ஸ்டீல் போதும்.

இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே பின்னால் ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால், ஸ்டட் நீளத்துக்கு மேலே தூக்க இடம் வேண்டும். ஹெட்டிலிருந்து பானட், ஃபயர்வால் (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுச்சுவர்) வரை உள்ள இடைவெளியை இப்போதே அளந்துவிடுங்கள். மறு இறுக்கம் கேஸ்கெட், ஸ்டட் தயாரிப்பாளர் சொன்னால் மட்டும். இன்ஜின் முழுதும் ஆறிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரே நட்டைத் தளர்த்தி, அதை முழு டார்க்குக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்தது.