ஸ்னோடிராப் இலை ஒரு முழம் வந்துவிட்டது, பூவைக் காணோம். அவசரம்

கிணற்றடி: வணக்கம். ஆடிப்பெருக்கு அன்று ஸ்னோடிராப் கிழங்கு பத்து நட்டேன். பத்தும் முளைத்துவிட்டது. இலை மட்டும் முழ உயரம் போய்விட்டது, பூவே இல்லை. இது எவ்வளவு உயரம்தான் வளரும்? பூக்க என்ன போடுவது? மார்கழியில் மகள் வருகிறாள், அதற்குள் பூக்க வேண்டும்.

வேப்பம்பிண்ணாக்கு: எந்த ஊர்? தொட்டியா தரையா? எத்தனை மணி நேரம் வெயில்? படம் எங்கே?

மொட்டைமாடி: இலை கொழுத்தால் தழைச்சத்து ஜாஸ்தி என்று அர்த்தம். யூரியா போட்டிருப்பீர்கள், நிறுத்துங்கள். அடுப்புச் சாம்பல் தூவுங்கள்.

கவ்யப்பிரியன்: பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தெளித்துப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

கிணற்றடி: பாபநாசம் பக்கம். கொல்லையில், தரையில்தான். மாட்டெரு மட்டும் போட்டேன், யூரியா இல்லை.

தாவரதாசன்: கேட்பதற்கு முன் கொஞ்சம் படிக்கலாம். ஸ்னோடிராப்பின் தாவரவியல் பெயர் கேலந்தஸ் நிவாலிஸ். லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர். ஐரோப்பாவின் குளிர்காட்டுச் செடி. உயரம் 7 முதல் 15 செ.மீ. மாதக்கணக்கில் குளிர் கிடைக்காமல் பூக்காது. பாபநாசத்தில் ஸ்னோடிராப் என்பது கொடைக்கானலில் பனைமரம் நடுவது மாதிரி. பஞ்சகவ்யம் ஊற்றினால் குளிர் வந்துவிடாது.

கவ்யப்பிரியன்: எங்களுக்கும் மார்கழியில் பனி கொட்டத்தானே செய்கிறது? கோலம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தாவரதாசன்: அது புல்நுனிப் பனி. இவர் கேட்பது மண்ணே விறைக்கிற பனிக்குப் பழகிய செடி. தமிழில் இரண்டுக்கும் பனி என்றே பெயர் என்பதற்காகச் செடி ஏமாறாது.

மொட்டைமாடி: கிழங்கைத் தோண்டி பிரிட்ஜில் மூன்று மாதம் வைத்தால்?

வேப்பம்பிண்ணாக்கு: வேண்டாம் சாமி. வெங்காயக் கூடை பக்கத்தில் வைத்து யாராவது சாம்பாரில் போட்டால்? ஸ்னோடிராப் கிழங்கு விஷம்.

லண்டன்வாசி: அக்கா, எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஆப்பிள் மரத்தடியில் இருக்கிறது. பிப்ரவரியில் பூக்கும், ஒரு சாண்கூட வராது. ஒரு காம்புக்கு ஒரே பூ, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். வெளியே மூன்று வெள்ளை இதழ், உள்ளே குட்டையாக மூன்று, அவற்றின் நுனியில் பச்சைப் பொட்டு. அதைப் பார்க்க மண்டிபோட வேண்டும். கிழங்கு சின்ன வெங்காயம் அளவுதான், காயவிட்டால் செத்துவிடும். அதனால் இங்கே பலர் இலை பச்சையாக இருக்கும்போதே பிடுங்கி நடுவார்கள். ஒரு கிழங்குக்குப் பெரும்பாலும் இரண்டே இலை. உங்களுடையதில் எத்தனை? நட்ட கிழங்கு எவ்வளவு பெரிசு?

(இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை. – வேப்பம்பிண்ணாக்கு)

கிணற்றடி: எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் பன்னிரண்டு, ஒன்றில் பதினைந்து. புல் மாதிரி நீளம், அடியில் லேசாகச் சிவப்பு. கிழங்கு நாட்டுப் பூண்டை விடப் பெரிசு. ஆன்லைனில் வாங்கியது, பத்து 450 ரூபாய். பாக்கெட்டில் ஸ்னோடிராப் படம் போட்டிருந்தது.

ஐயாறுமாலைகட்டி: அம்மா, அது சம்பங்கி. நாலு தலைமுறையாக மாலை கட்டுகிறோம், இலையைச் சொன்னாலே தெரியும். ஒன்றும் போட வேண்டாம், கிணற்றடியில் தண்ணீர் மட்டும் தேங்காமல் பாருங்கள், அழுகிவிடும். தண்டு தானாக வரும். மூன்றடி போகும்.

தாவரதாசன்: சம்பங்கி என்பது மரம். மக்னோலியா சம்பகா.

ஐயாறுமாலைகட்டி: அது செண்பகம் சார்.

தாவரதாசன்: தெலுங்கில் அதைத்தான் சம்பங்கி என்பார்கள். உங்களுடையது நிலசம்பங்கி.

ஐயாறுமாலைகட்டி: தெலுங்கில் இருக்கட்டும். பூக்கடையில் போய் நிலசம்பங்கி இரண்டு முழம் கொடு என்று கேட்டுப் பாருங்கள், யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

மொட்டைமாடி: கொடிச்சம்பங்கி என்று ஒன்று உண்டே, அது எது?

தாவரதாசன்: செண்பகம் குறிஞ்சிப்பாட்டிலேயே இருக்கிறது. இந்தக் கிழங்குப் பூ மெக்சிகோவிலிருந்து வந்தது. எது மூத்த பெயர் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐயாறுமாலைகட்டி: மிளகாயும்தான் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அதற்காக வேறு பெயர் சொல்லியா கேட்கிறோம்?

வேப்பம்பிண்ணாக்கு: அந்த அம்மா எங்கே? ஆளையே காணோம்.

(மூன்று வாரம் கழித்து)

கிணற்றடி: தண்டு வந்துவிட்டது, என் இடுப்புக்கு நிற்கிறது. நேற்று ராத்திரி கொல்லைக் கதவைத் திறந்ததும் வாசனை. சம்பங்கிதான். விற்றவர் பதில் போடவில்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

கவ்யப்பிரியன்: தெளித்தீர்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.