பாடப்புத்தகக் கலைச்சொல் பட்டியல்ல, க்ரூ எஸ்கேப் சிஸ்டத்துக்கு (விண்கலத்துல இருக்கவங்கள ராக்கெட்டுலேந்து தப்பிக்க வைக்கிற அமைப்பு) "விடுவிசை"ன்னு வைக்கலாமா?

> "குழு மீட்பு அமைப்பு"ன்னே போட்டுடலாம், எல்லாருக்கும் புரியும்.

அண்ணே, "மீட்பு" வேணாமே. 2023 அக்டோபர் 21 ககன்யான் சோதனைல கலன் கடல்ல எறங்கி தலைகீழா கெடந்துச்சு, நேவி போய் எடுத்து நம்ம சென்னை துறைமுகத்துக்குதான் கொண்டாந்தாங்க, அதுதான் மீட்பு. நாம பேர் தேடுறது அதுக்கு முன்னாடி நடக்குறதுக்கு, ராக்கெட்டுக்கு ஏதாவது ஆயிட்டா ஆளுங்க இருக்குற கலன மட்டும் பிச்சிக்கினு பறக்குதே, அதுக்கு. இதுக்கு "அபார்ட்"னும் சொல்றாங்களே, அத "கைவிடல்"னு ஒருத்தர் எழுதியிருந்தாரு, உள்ள ஒக்காந்திருக்கவங்கள விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு, மனசு ஒப்பல.

எங்க மாமா காசிமேட்டுல மீன்பிடி போட்டு (படகு) வச்சிருந்தாரு. வலை அடில பாறைல மாட்டி போட்டே சாயும்போது கயித்த அறுத்து விட்டுடுவாரு, போட்டு தப்பிச்சுடும், ஆனா இழுத்து நின்ன கயிறு அறுந்ததும் திரும்பி வந்து அடிக்கும், அந்தத் தழும்பு அவர் முழங்கைலேந்து மணிக்கட்டு வரைக்கும் இருக்கு. அத வச்சுதான் "விடுவிசை" தோணுச்சு. விசைப்படகுன்னு தெனமும் சொல்றோம், விசைன்னா வேகமும் உண்டு, துப்பாக்கில இழுக்குற விசையும் உண்டு.

இந்தக் கருவிலயும் ஆபத்தே அந்த மாதிரி திருப்பி அடிக்கிறதுதானே. காப்பாத்த வச்சிருக்குறதே ஒரு ராக்கெட்டு. 1966 டிசம்பர்ல சோவியத்தோட பைக்கனூர் ஏவுதளத்துல ஆளில்லாத சோயுஸ் விண்கலம் வச்ச ராக்கெட்டு கெளம்பாம நின்னுடுச்சு, எஞ்சின் அணைஞ்சாச்சுன்னு ஆளுங்க கிட்ட போனாங்க, பூமி சுத்துறதால வந்த சாய்வ கருவி ராக்கெட் சாயுதுன்னு எடுத்துக்கிச்சு, தப்பிக்கிற மோட்டார் தானா பத்திக்கிச்சு, தளமே எரிஞ்சு உயிர் போச்சு. 2019 ஏப்ரல்ல ஸ்பேஸ்எக்ஸோட க்ரூ டிராகன் கலன தரைல கட்டி வச்சு தப்பிக்கிற எஞ்சின சோதிக்கும்போது வால்வுல கசிஞ்ச திரவத்தால கலனே வெடிச்சுது, நல்லவேளை உள்ள யாரும் இல்ல. அதே மாதிரி கருவிதான் 1983ல எரியுற ராக்கெட்டுலேந்து டிடோவ், ஸ்ட்ரெக்கலோவ்னு ரெண்டு சோவியத் விண்வெளி வீரர்களையும் உயிரோட தூக்கியிருக்கு. "மீட்பு"ன்னு எழுதினா இதுல பாதிதான் தெரியும்.

விடுவிசை மோட்டார், விடுவிசைக் கோபுரம், 2018 ஜூலைல ஸ்ரீஹரிகோட்டால கலன தரைலேந்தே கெளப்பினாங்களே (பேட் அபார்ட் டெஸ்ட்) அது "தள விடுவிசைச் சோதனை". சரியா வருதா?

> வருது தம்பி. மீட்ப வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா கருவிக்கு "விடுவிசை", அது வேலை செய்யறதுக்கு "விடுவிசைப்பு"ன்னு தனியா வைக்கணும், ரெண்டும் ஒண்ணா கெடந்தா பாடப்புத்தகத்துல கொழம்பும்.

சரிண்ணே, அப்படியே பட்டியல்ல ஏத்திடுறேன்.