பைலட் டயல் ஆட்டோமேட்டிக், கையைக் கடிக்காத விலையில்: எதைப் பார்த்து எடுப்பது?

மூன்றாம்முள்:

முதல் ஆட்டோமேட்டிக் வாட்ச் எடுக்கப் போகிறேன். கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், 12-இல் முக்கோணம் என்று அந்தப் பைலட் தோற்றம்தான் வேண்டும். ஸ்விஸ் விலை கொடுக்கும் எண்ணம் இல்லை. மணிக்கட்டுச் சுற்றளவு 16 செ.மீ. வேலை முழுக்க மேசையில்தான். தினமும் கட்டுவேன், நீச்சல் கிடையாது.

பட்டியலில் மூன்று: பழைய கையிருப்பில் கிடைக்கும் சீக்கோ எஸ்என்கே809, லாக்கோ ஆக்ஸ்பர்க் அல்லது ஆஹன் 42 மி.மீ.; என்எச்35 எஞ்சினும் (வாட்சை ஓட்டும் உள் இயந்திரம்) சஃபயர் கண்ணாடியும் போட்டு வரும் சின்ன பிராண்டு ஏதாவது ஒன்று. ஏ டைப், பி டைப் என்கிறார்களே, அது வெறும் டயல் வித்தியாசம்தானா? எஞ்சின்களில் உண்மையில் எது வேறுபடுகிறது? பழையது வாங்கினால் எதைச் சோதிக்க வேண்டும்?

டயல்பித்து:

42-ஐ முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேலை எடுங்க ப்ரோ. சுற்றளவை விடுங்க, மணிக்கட்டோட மேல்பக்கம் தட்டையா இருக்கிற அகலத்தை அளங்க. 16 செ.மீ. கைக்கு அது 50 மி.மீ.யை ஒட்டி வரும்; கை உருண்டையா தட்டையாங்கிறதைப் பொறுத்து ரெண்டு மூணு கூடக் குறைய. வாட்சோட மேல் லக் (ஸ்ட்ராப் மாட்டுற கொம்பு) நுனியில இருந்து கீழ் லக் நுனி வரைக்குமான நீளம் இந்த அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினா ஸ்ட்ராப் கையை ஒட்டாம நேரா கீழே தொங்கும், வாட்ச் பக்கவாட்டுல சாயும். லாக்கோ 42-ல இந்த நீளம் சுமார் 50. உங்களுக்கு விளிம்புல நிக்குது. அதே ஆக்ஸ்பர்க், ஆஹன் ரெண்டும் 39 மி.மீ.லயும் வருது, அதைப் பாருங்க. எஸ்என்கே809 வெறும் 37, லக் நீளம் 43 தான்.

பைலட் வாட்சுல ஒரு கண்கட்டு வித்தை இருக்கு. டைவர் வாட்ச் 42-ன்னா பெசலே (டயலைச் சுத்தி இருக்கிற வளையம்) பாதி இடத்தைத் தின்னுடும், டயல் 30 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல இருக்கும். பைலட்டுல பெசல் ஒரு மெல்லிய வளையம், மிச்சம் எல்லாமே டயல். அதனால 42 பைலட், 42 டைவரை விட ஒரு சுத்து பெருசாத் தெரியும். போட்டோவைப் பார்த்து ஏமாறாதீங்க.

ஏ, பி விஷயம். இரண்டாம் உலகப் போர் சமயத்துல ஜெர்மன் விமானப்படைக்கு லாங்கே, வெம்பே, லாக்கோ, ஸ்டோவா, ஐடபிள்யூசி ஆகிய அஞ்சு பேர் செஞ்ச நேவிகேட்டர் வாட்சுகள்தான் மூலம். 55 மி.மீ. அகலம், ஜாக்கெட்டுக்கு மேல கட்டுறது. அதான் அவ்வளவு நீளமான ஸ்ட்ராப், கையுறையோட திருகுற மாதிரி பெரிய சாவி (பக்கத்துல இருக்கிற குமிழ்). முதல்ல வந்த ஏ டயல்ல 1 முதல் 11 வரை மணி எண்கள், 12-க்கு பதிலா முக்கோணமும் ரெண்டு புள்ளியும். 1941-ல வந்த பி டயல்ல வெளி வட்டம் நிமிடம் (5, 10, 15 முதல் 55 வரை), மணி எண்கள் உள்ளே சின்ன வட்டத்துல. நேவிகேட்டருக்கு நிமிடமும் நொடியும்தான் முக்கியம், மணி அவருக்குத் தெரிஞ்சதுதான்.

இங்கதான் மலிவு காப்பிகள் மாட்டும். பி டயல்ல மணி முள் குட்டையா இருக்கணும், நுனி உள் வட்டத்தைத் தொட்டு நிக்கணும். நிமிட முள் வெளி கோட்டைத் தொடணும். நிறைய பிராண்டு ஏ, பி ரெண்டுக்கும் ஒரே முள் செட்டைப் போட்டுடறாங்க. மணி முள் நீண்டு போய் நிமிட எண்ணைக் காட்டும், அவசரத்துல பார்த்தா குழம்பும். வாங்கறதுக்கு முன்னாடி நேர் எதிரே எடுத்த படத்துல முள் நுனிகளைப் பாருங்க. மணி ஒரே பார்வையில தெரியணும்னா ஏ எடுங்க. பி அழகு, ஆனா பழக ஒரு வாரம் ஆகும்.

ஹேர்ஸ்பிரிங்:

அளவைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. எஞ்சின் பக்கம் வருகிறேன்.

7எஸ்26 (எஸ்என்கே809-இல் இருப்பது): மணிக்கு 21,600 துடிப்பு, கிழமையும் தேதியும் உண்டு. சாவி கொடுக்க முடியாது, சாவியை இழுத்தால் நொடி முள் நிற்காது. இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். பக்கவாட்டில் மெதுவாக ஆட்டி எழுப்பி, பிறகு நேரம் வைக்க வேண்டும். எஞ்சின் முரட்டு உழைப்பாளி. ஆனால் இந்த வாட்சின் உற்பத்தி நின்றுவிட்டது. மலிவாகக் கிடைத்த காலத்தில் யோசிக்காமல் எடுக்கச் சொல்லலாம். இப்போது பழைய கையிருப்பு என்று ஏற்றிய விலைக்கு விற்றால் அதில் நியாயம் இல்லை. அதே பணத்தில் என்எச்35 வந்துவிடும்.

என்எச்35: அதே குடும்பம், அதே 21,600. சாவி கொடுக்கலாம், நொடி முள் நிற்கும். சுமார் 41 மணி நேரம் ஓடும். நிறுவனம் தரும் வரம்பு நாளுக்கு -20 முதல் +40 நொடி. நடைமுறையில் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும், ஆனால் அதைக் கேட்டு வாங்க முடியாது. ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) இரு பக்கம் சுழன்றாலும் ஏற்றும். மேசை வேலைக்காரருக்கு இது முக்கியம். தடிமன் 5.32 மி.மீ., அதனால் வாட்ச் 12 மி.மீ.க்குக் கீழே வருவது கடினம்.

மியோட்டா 82 வரிசை (லாக்கோவின் விலை குறைந்த மாடல்களுக்கு அடிப்படை): இதுவும் 21,600. ரோட்டர் ஒரு திசையில் மட்டும் ஏற்றும், மறுதிசையில் சும்மா சுழலும். கையை வீசினால் உள்ளே ஏதோ உருளும் சத்தம் வரும். அது பழுது இல்லை. பழைய பதிப்புகளில் நொடி முள் நிற்காது, புதியவற்றில் நிற்கும். எது என்று விற்பவரிடம் கேளுங்கள்.

மியோட்டா 9015, செலிட்டா எஸ்டபிள்யூ200-1: இரண்டும் மணிக்கு 28,800 துடிப்பு, நொடி முள் வழுக்கிக்கொண்டு போகும். 9015-இன் தடிமன் 3.9 மி.மீ. மட்டுமே. மெல்லிய வாட்ச் வேண்டுமானால் இந்த வழிதான், விலை ஒரு படி ஏறும். செலிட்டா எடுத்தால் தினமும் சாவி கொடுக்கும் பழக்கம் வேண்டாம். அதன் ராட்செட் சக்கரப் பற்கள் அந்த உழைப்புக்கு நன்றாகத் தாங்குவதில்லை. நின்றுபோன வாட்சை எழுப்பப் பத்துப் பன்னிரண்டு சுற்று போதும், மீதியை ரோட்டர் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் தேவைக்கு என் வரிசை: 39 மி.மீ. அல்லது அதற்குக் கீழ், என்எச்35. அதன்பின் லாக்கோ 39.

மூன்றாம்முள்:

தட்டையான அகலம் 51 மி.மீ. வந்தது. லாக்கோ 42-இன் 50-க்கு ஒரே மி.மீ.தான் மிச்சம், அதனால் 42-ஐ விட்டுவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம்.

1. மியோட்டா 82-இல் நொடி முள் நடுநடுவே தடுக்கித் தடுக்கி ஓடும் வீடியோ பார்த்தேன். பழுதா?
2. தேதி ஜன்னல் இல்லாத டயலில் என்எச்35 போட்டிருக்கிறார்கள். பரவாயில்லையா?
3. 'முழு சர்வீஸ் செய்தது' என்று விற்கும் பழைய வாட்சை நம்பலாமா?

ஹேர்ஸ்பிரிங்:

முதலாவது பழுது இல்லை. அந்த எஞ்சினில் நடு நொடி முள்ளைச் சுழற்றும் பற்சக்கரம் முக்கிய சக்கரத் தொடருக்கு வெளியே இருக்கிறது. அதன் வழியாக விசை எதுவும் கடந்து போவதில்லை, அதனால் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி முள்ளில் தெரியும். குலுங்கினால் ஒரு நொடி தயங்கி, பிறகு எட்டிப் பிடிக்கும். அதை இறுக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கும், அது தளர்ந்தால் தடுக்கல் கூடும். நேரம் காட்டுவதில் பாதிப்பு இல்லை. ஆனால் நீங்கள் நொடி முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆளென்றால் (பெயரைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது) எரிச்சலாக இருக்கும்.

இரண்டாவது, ஓடுவதில் குறை இல்லை. சாவியை முதல் படிக்கு இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத தேதி மாறும், இரண்டாம் படியில்தான் நேரம். நள்ளிரவில் உள்ளே 'டிக்' என்று தேதி தாவும். தேதியே இல்லாத என்எச்38 இருக்கும்போது 35-ஐப் போடுவது சிக்கனம்தான். விவரக் குறிப்பில் 38 என்று எழுதியிருந்தால் அந்த பிராண்டு கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேதி உள்ள வாட்ச் வாங்கினால் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை தேதியைத் திருகி மாற்றாதீர்கள். அந்நேரம் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே கோர்த்திருக்கும். வலுக்கட்டாயமாகத் திருகினால் அது முறியும். முதலில் முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்து, தேதியை நேற்றைய தேதிக்கு வைத்து, பிறகு நேரத்தை முன்னால் ஓட்டி இன்றைய தேதிக்கு வாருங்கள். காலையா மாலையா என்பதும் அப்போதே சரியாகிவிடும்.

லூப்10:

மூணாவதுக்கு நான் சொல்றேன். 'சர்வீஸ் செய்தது'ங்கிற வார்த்தைக்கு மதிப்பே இல்லை. டைம்கிராஃபர் (டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்கிற மெஷின்) படம் கேளுங்க. முழுசா சாவி ஏத்தி, டயல் மேல பார்க்க வெச்சு எடுத்தது. அதுல மூணு எண் பாருங்க.

ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடுற பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுதுங்கிறது): 250-க்கு மேல நல்லது. முழு சாவியில 220-க்குக் கீழே போனா எண்ணெய் காய்ஞ்சிருக்கு.
பீட் எரர் ('டிக்'குக்கும் 'டாக்'குக்கும் உள்ள நேர வித்தியாசம்): 0.8 மில்லி செகண்டுக்குள்ள.
நாளுக்கு எத்தனை நொடி: இது கடைசி. ஏன்னா இதை எஞ்சின்ல வேகத்தைத் திருத்துற லீவரைத் தள்ளி யார் வேணா அழகாக் காட்டலாம். ஆம்ப்ளிட்யூடை அப்படி லீவரால மறைக்க முடியாது.

ஒரு தந்திரம் இருக்கு. மெஷின்ல லிஃப்ட் ஆங்கிளை (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனியா வைக்க வேண்டிய கோண எண்) மாத்தினா ஆம்ப்ளிட்யூட் கூடுதலாக் காட்டும். என்எச்35-க்கு 53 டிகிரி, மியோட்டா 82-க்கு 49, 9015-க்கு 51, செலிட்டாவுக்கு 50. படத்துல அந்த எண் பொருந்துதான்னு பாருங்க.

கண்ணாடிக்கு உள்பக்கம் மூட்டமோ, முக்கோணத்தோட ஓரத்துல பச்சைக் கறையோ இருந்தா தண்ணி போயிருக்கு, கை வைக்காதீங்க. எண்களோட ஓரம் லூப்ல (உருப்பெருக்கிக் கண்ணாடி) பார்த்தா கூர்மையா இருக்கணும். பிசிறு தட்டினா டயல் மறுபடி அச்சடிச்சது. இருட்டுல முள்ளும் எண்ணும் ஒரே நிறத்துல ஒளிரணும். வேற வேற நிறம்னா முள் மாத்தியிருக்காங்க.

ரேடியம்னு நாம வாய்ப்பழக்கத்துல சொல்றது இப்போ வர்ற வாட்சுல ரேடியம் இல்லை, வெளிச்சத்தை வாங்கி வெச்சுத் திருப்பிக் கொடுக்கிற பூச்சு. ஆனா 1940, 50-கள் காலத்து அசல் விமானப்படை வாட்சுல இருக்கிறது நிஜ ரேடியம். பூச்சு ஒளிராம போனாலும் கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கும், ரேடியம்-226-இன் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். அதைத் திறந்து டயலைச் சுரண்டுற வேலை வேண்டாம்.

இன்னொண்ணு. நல்லா ஓடிட்டிருந்த வாட்ச் திடீர்னு நாளுக்குச் சில நிமிஷம் முந்தினா, எண்ணெய்ப் பிரச்சினைன்னு சர்வீசுக்கு ஓடாதீங்க. காந்தம் ஏறியிருக்கும். லேப்டாப் மூடி, ஸ்பீக்கர், கைப்பையோட காந்த பட்டன் பக்கத்துல வெச்சா போதும்; வேகத்தைத் தீர்மானிக்கிற மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கோட சுருள்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஸ்பிரிங் நீளம் குறைஞ்ச மாதிரி ஆகி வேகமா ஓடும். திசைகாட்டி பக்கத்துல கொண்டு போய் முள் ஆடுதான்னு பாருங்க. சின்ன டீமேக்னடைசர் (காந்தம் நீக்குற கருவி) வாங்கி, பட்டனை அழுத்திப் பிடிச்சபடியே வாட்சை மெதுவா மேல தூக்கி, ஒரு அடிக்கு மேல போன பிறகு பட்டனை விடணும். பக்கத்துல வெச்சே விட்டா திரும்பவும் காந்தம் ஏறும்.

டயல்பித்து:

ஒரே ஒரு இடத்துல லூப்10 கூட ஒத்துப் போக மாட்டேன்: முதல் ஆட்டோமேட்டிக்கைப் பழையதா வாங்காதீங்க. என்எச்35 வாட்சுக்கு எஞ்சினைப் பிரிச்சு சர்வீஸ் பண்ற கூலியில புது எஞ்சினே போடலாம், அதனால பழையதுல மிச்சமாகிறது கொஞ்சம்தான்.

கண்ணாடி பத்தி யாரும் பேசலை. சஃபயர்னு மட்டும் போட்டிருந்தா திருப்தி ஆகாதீங்க. ஒளி எதிரொளிப்பைக் குறைக்கிற பூச்சு இல்லாத தட்டை சஃபயர், கறுப்பு டயல் மேல முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆகிடும்; பைலட் வாட்ச் வாங்குறதே சட்டுனு மணி பார்க்கத்தான். உள்பக்கப் பூச்சு போதும். வெளிப்பக்கம் பூசினது கீறல் விழுந்து அசிங்கமாகும்.

ஸ்டாப்வாட்ச் பட்டன் வெச்ச மலிவு ஆட்டோமேட்டிக் பைலட் கண்ணுல பட்டா நகர்ந்துடுங்க. அந்தச் சின்ன வட்டங்கள் பெரும்பாலும் கிழமை, தேதி, 24 மணி. பட்டன் அதை மாத்தத்தான். நிஜ ஆட்டோமேட்டிக் க்ரோனோகிராஃப் எஞ்சினோட விலையே உங்க பட்ஜெட்டைத் தாண்டும்.

மூன்றாம்முள்:

புதிது, 39 மி.மீ., ஏ டயல், என்எச்38 அல்லது 35, உள்பூச்சு சஃபயர். இப்படித் தேடுகிறேன். ரிவெட் அடித்த தோல் ஸ்ட்ராப்போடு வருவதையே எடுக்கலாமா?

லூப்10:

எடுக்கலாம், ஆனா நீளத்தைக் கேளுங்க. ரிவெட் ஸ்ட்ராப் லக் பக்கம் ரெண்டு மடிப்பு தோல், முதல் 2 செ.மீ. வளையாது, 16 செ.மீ. கையில ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி நிக்கும். கட்டுறதுக்கு முன்னாடி கையால நல்லா வளைச்சுப் பழக்குங்க. நேட்டோ துணி ஸ்ட்ராப் போட்டா வாட்சுக்கு அடியில ஒரு அடுக்கு ஓடும், 12 மி.மீ. வாட்ச் இன்னும் உயரமாகும். அதுக்கு ஒற்றை அடுக்கு துணி ஸ்ட்ராப் நல்லது. லக் இடைவெளியை அளந்துட்டு வாங்குங்க: 39-ல 18, 19, 20 மூணுமே வருது. 19 வந்தா 20 ஸ்ட்ராப்பைத் திணிக்காதீங்க, ஓரம் மடங்கி, ஸ்ட்ராப்பைப் பிடிக்கிற ஸ்பிரிங் பார் துளையை விட்டு வெளியே வரும்.