புதுப்பிப்பு: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான்

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பது பற்றிய முந்தைய இழையில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி: தினமும் போடலாமா? கூடவே கூடாது. 15 மி.கி. என்றால் 2.5 மி.கி. குளிசை ஆறு, வாரத்தில் ஒரே நாளில். தினமும் விழுங்கினால் எலும்பு மச்சையில் இரத்த அணு உற்பத்தி படுத்துவிடும். வாய்ப்புண், தொண்டைநோ, காய்ச்சல் கண்டால் அடுத்த வேளையை நிறுத்தி அன்றே வைத்தியரிடம் போங்கள். 10 மி.கி. குளிசையும் இருக்கிறது, வெள்ளவத்தையில் வாங்கினாலும் மருதானையில் வாங்கினாலும் அட்டையிலுள்ள மி.கி. எண்ணைப் பாருங்கள். கூடவே தரப்படும் ஃபோலிக் அமில விற்றமின் குளிசை வேறு நாளில். சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-ட்ரைமொக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள், இரண்டுமே இரத்த அணு உற்பத்திக்குத் தேவையான ஃபோலேட் விற்றமினை முடக்குபவை. பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையும் எடுப்பவர்கள், கிளினிக் நாள் போயாவில் (பௌர்ணமி விடுமுறையில்) விழுகிறதா என்று கலண்டரைப் பார்த்து அதை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். நெடுநாள் எடுத்த பிரெட்னிசொலோனைச் சட்டென்று விட்டால் இரத்த அழுத்தம் விழும்.