எம்.எல்.ஏ.வும் 17 சதவீத ஈரமும்

சித்தப்பா: அரசு கொள்முதல் நிலையத்தில் நம்ம நெல்லை எடுக்காமல் திருப்பிவிட்டார்கள். மெஷினில் ஈரம் 19 சதவீதம் காட்டுகிறதாம், 17க்கு மேல் போனால் எடுக்க மாட்டார்களாம். மழைக்கு முன்னாடி பல்லில் கடித்துப் பார்த்தேன், கடக்கென்று உடைந்தது. இப்போது மறுபடி ரோட்டில் கொட்டிக் காய வைக்கணும், படுதாவைத் தூக்கினால் தூறல் போடுகிறது.

நான்: எம்.எல்.ஏ. நினைத்தால் அந்த 17ஐ 20 ஆக்க முடியாதா சித்தப்பா?

சித்தப்பா: முடியாதுப்பா. தளர்வு வேண்டும் என்றால் மாநில அரசு எழுதிக் கேட்கணும், டெல்லி சம்மதிக்கணும். அதற்குள் மூட்டையில் முளை விட்டுவிடும். ஆனால் சட்டசபையில் எழுந்து இதைக் கேட்கிற ஆள், களத்தில் நின்று நெல்லை அள்ளிப் பார்த்தவராக இருந்தால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

பெரியப்பா: அப்படி ஒருத்தரை நம்ம திருத்துறைப்பூண்டி 2021ல் அனுப்பியதே. மாரிமுத்து. கோட்டூர் பக்கம் கடுவாக்குடிக்காரர், விவசாயக் கூலிக் குடும்பம், அவரும் வீட்டம்மாவும் வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள், இருந்தது கூரை வீடு, 2018 கஜா புயல் அதையும் விட்டுவைக்கவில்லை. இந்திய கம்யூனிஸ்ட் கட்சி நிறுத்தியது, 30 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார்.

நான்: தி.மு.க. கூட்டணி இருந்ததால்தானே பெரியப்பா?

பெரியப்பா: கூட்டணி இருந்தது, இல்லை என்று யார் சொன்னது. ஆனால் கூட்டணி எத்தனையோ தொகுதியில் இருந்தது, கூரை வீட்டுக்காரருக்கு எத்தனை இடத்தில் சீட்டு கொடுத்தார்கள்? இங்கே கொடுத்தார்கள் என்றால் அதற்கு வேர் இருக்கிறது. பண்ணையாள்களுக்குச் சவுக்கடி கொடுத்து, சாணியைக் கரைத்துச் சாணிப்பால் என்று குடிக்க வைத்த மண் இது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் வந்து விவசாயிகள் சங்கம் கட்டினார், மணலி கந்தசாமி கூட நின்றார், பின்னாளில் இதே தொகுதியில் எம்.எல்.ஏ. ஆனார். அந்தச் சங்கத்துக்காகப் போராடிய, பக்கத்துக் களப்பாலில் பிறந்த குப்பு 1948ல் திருச்சி சிறையில் உயிரை விட்டார். உன் தாத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போது தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். கூலியாள் பேச்சை ஊர் கேட்கணும் என்பது அப்போது ஆரம்பித்தது, அதனால்தான் 2021ல் அவரை நிறுத்தியபோது இங்கே யாரும் ஆச்சரியப்படவில்லை. பத்திரிகைக்காரர்கள்தான் அந்த வீட்டைப் படம் எடுத்துப் போட்டார்கள்.

சித்தப்பா: வீட்டைப் படம் எடுத்தவர்கள் அவர் சபையில் என்ன கேட்டார் என்று எழுதியிருக்கலாம். எனக்கு அதுதான் வேணும். வாய்க்கால் முடிகிற கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா, கொள்முதல் நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, இதையெல்லாம் கேட்கத் தெரிந்த ஆள் உள்ளே இருக்கணும். மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறந்தாலும் நம்ம வாய்க்காலுக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்று கரையில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

மலர் அக்கா: எல்லாம் சரி. நாற்றுப் பறிக்கிறது, நடவு, களை, மூன்றிலும் காலையிலிருந்து குனிந்தே நிற்பது யார்? மாரிமுத்து அண்ணன் போனது எனக்கும் சந்தோஷம்தான், அவர் வீட்டு அண்ணியும் அதே வயலில் நின்றவர்தானே. நடவாள் பொம்பளை ஒருத்தியை நம்ம தொகுதியில் எப்போது நிறுத்துவீர்கள் சித்தப்பா?

சித்தப்பா: நிறுத்தணும்மா. அடுத்த தடவை கட்சிக்காரர்கள் தெருவுக்கு வந்தால் நானே கேட்கிறேன்.

மலர் அக்கா: நீங்கள் கேட்க வேண்டாம், நாங்கள் நடவாள் எல்லாரும் சேர்ந்து வந்து கேட்கிறோம். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.