லிஸ்ட் சரியாகத்தான் சுற்றுகிறது, ஆனால் இரண்டாம் வீட்டுக்கு மட்டும் முறை அதிகம் வருகிறது. ஏன்?

தண்டையார்பேட்டை தம்பி:
வணக்கம். எங்கள் காம்பவுண்டில் ஏழு வீடு, ஒரே சம்ப். மெட்ரோ வாட்டர் விடியற்காலையில் வரும். ஒருவர் எழுந்து மோட்டார் போட்டு, மேல் டேங்க் நிரம்பியதும் நிறுத்த வேண்டும். யார் முறை என்று தினமும் தகராறு. அதனால் பைத்தானில் சின்னதாக ஒன்று எழுதினேன். ராத்திரி ஒன்பது மணிக்குத் தானாக ஓடி, நாளைக்கு யார் முறை என்று டெலிகிராம் குரூப்பில் பெயர் போடும்.

முதலில் எண்ணை ஒன்று ஒன்றாகக் கூட்டிப் பார்த்தேன். எட்டாவது சுற்றில் ‘லிஸ்ட் இண்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று, அதாவது லிஸ்ட்டில் அந்த எண்ணில் யாரும் இல்லை என்று, நின்றுவிட்டது. அப்புறம் பைத்தானோடு வரும் ஐடர்டூல்ஸில் இருக்கும் சைக்கிளைப் போட்டேன், லிஸ்ட் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பெயர் தருவது அது. சோதித்தபோது அழகாகச் சுற்றியது. ஆனால் குரூப்பில் தினமும் முதல் வீட்டுப் பெயரே வந்தது! கடைசியில் இப்படி மாற்றினேன்:

முறை = வீடுகள்[தேதி % 7]

தேதி என்பது நாளைய தேதி, 1 முதல் 31 வரை. % 7 என்றால் அதை ஏழால் வகுத்தால் வரும் மீதி. போன வருடம் ஜனவரி 1-லிருந்து இதுதான் ஓடுகிறது. எரர் எதுவும் இல்லை. ஆனால் இரண்டாம் வீட்டுப் பாட்டி, "எனக்கு மட்டும் அடிக்கடி வருதுடா" என்கிறார். லிஸ்ட்டில் அவர் பெயர் ஒரு முறைதான் இருக்கிறது. எங்கே தப்பு?

பெரம்பூர் லோகோ:
பாட்டி சொல்வது சரி தம்பி. 28-ஆம் தேதி வரை உங்கள் கணக்கு ஒழுங்காக நாலு சுற்று வரும். 29-க்கு மீதி 1, 30-க்கு 2, 31-க்கு 3. மறுநாள் தேதி 1 ஆகிவிடும், மீதியும் மறுபடி 1. லிஸ்ட் எண் 0-இல் தொடங்குவதால் மீதி 1 என்றால் இரண்டாம் வீடு. மாதக் கடைசியில் ஒரு முறை, மூன்று நாளுக்குள் இன்னொரு முறை. பாவம், வயதான காலத்தில்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 365 நாளில் இரண்டாம், மூன்றாம் வீடுகளுக்கு 59 முறை, நான்காம் வீட்டுக்கு 55, மற்ற நான்கு வீடுகளுக்கும் 48.

சைக்கிள் மேல் தப்பு இல்லை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் அதற்கு நினைவு. உங்களுடையது தினமும் புதிதாகப் பிறந்து ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது, நேற்று எங்கே விட்டோம் என்று அதற்கு எப்படித் தெரியும்? கேரம் கிளப்பில் தினமும் போர்டைப் புதிதாக அடுக்கினால் முதல் ஸ்ட்ரைக் ஒருவருக்கே போகிற மாதிரி.

மாதம் மாறினாலும் அறுபடாத எண் வேண்டும். பைத்தானில் தேதிக்கென்று இருக்கும் டேட்டில் ‘டுஆர்டினல்’ என்று ஒரு மெத்தட் இருக்கிறது. கி.பி. 1 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வரும். 1970 ஜனவரி 1 அதில் 719163. அதை நாள்_எண்ணில் வாங்கிக்கொண்டு:

முறை = வீடுகள்[நாள்_எண் % 7]

காசிமேடு கரை:
இவ்வளவு எதற்கு? கடைசி எண்ணை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, மறுநாள் படித்து ஒன்று கூட்டினால் முடிந்தது.

பெரம்பூர் லோகோ:
அதுவும் வழிதான். ஆனால் சோதிக்க இரண்டு முறை ஓட்டினாலே ஒரு வீடு தாண்டிவிடும். தேதிக் கணக்கை எத்தனை முறை ஓட்டினாலும் அதே பெயர்தான் வரும்.

ராயபுரம் அக்கா:
ஒரு நிமிஷம். ஏழு வீடு, வாரத்துக்கு ஏழு நாள். லோகோ அண்ணன் சொன்னபடி போட்டால் ஞாயிற்றுக்கிழமை என்றைக்கும் ஒரே வீட்டுக்குத்தான். அந்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? எட்டு வீடு என்றால் தானாகவே நகர்ந்திருக்கும். ஏழுக்கு நாம்தான் தள்ளிவிட வேண்டும்:

முறை = வீடுகள்[(நாள்_எண் + நாள்_எண் // 7) % 7]

// என்றால் மீதியை விட்டுவிட்டு ஈவை மட்டும் எடுப்பது. முதலில் வரும் 7 வாரத்தின் நாட்கள், இரண்டாவதாக வரும் 7 வீடுகள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. ஞாயிறு முதல் சனி வரை எல்லாருக்கும் ஒரு முறை வரும், அடுத்த வாரம் அவரவர் முறை ஒரு நாள் முன்னால் நகரும். ஞாயிறு செய்தவருக்கு மட்டும் அடுத்த முறை 13 நாள் கழித்து வரும். ஞாயிறு எழுந்ததற்கு அது கூலி என்று வைத்துக்கொள்.

தண்டையார்பேட்டை தம்பி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஒரு வருடத்துக்கும் அச்சடித்துப் பார்த்தேன், யாருக்கும் 53-க்கு மேல் போகவில்லை. இன்னொரு சந்தேகம். ஐந்தாம் வீட்டு அண்ணன் விசைப்படகில் போகிறவர், வாரக்கணக்கில் கடலில் இருப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில்தான் தொடர்ந்து வீட்டில் இருப்பார். அவர் இல்லாதபோது பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடலாமா?

ராயபுரம் அக்கா:
எடுக்காதே. ஏழு ஆறாகிவிட்டால் மீதிக் கணக்கு மொத்தமும் மாறி, எல்லார் முறையும் கலைந்துவிடும். ஃபார் லூப்புக்குள்ளேயே எடுத்தால் இன்னும் மோசம், அடுத்த பெயரைத் தொடாமலே தாவிவிடும். லிஸ்ட் அப்படியே இருக்கட்டும். ஊரில் இல்லாதவர்களைத் தனியாக ஒரு செட்டில் வை. வந்த பெயர் அதில் இருந்தால் அடுத்த வீட்டுக்குப் போ. ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் விழும், அதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

தண்டையார்பேட்டை தம்பி:
எல்லாம் மாற்றிவிட்டேன், ஓடுகிறது. பாட்டியிடம் 59, 48 கணக்கைக் காட்டி மன்னிப்பும் கேட்டேன். "அப்போ அந்தப் பதினொண்ணு?" என்கிறார். அதற்கு ஏதாவது லாஜிக் இருக்கிறதா?

காசிமேடு கரை:
இருக்கிறது தம்பி. பதினோரு நாள் நீ எழுந்து மோட்டார் போடு.